ஆள் போனால் என்ன என்று கேட்பவருக்கு

கட்டற்ற மென்பொருளுக்குச் சாவு கிடையாதாம். நிரல் எல்லோர் கையிலும் இருக்கிறதாம். பராமரித்தவர் இறந்தாலும் சலித்துப்போய் விலகினாலும் யாராவது எடுத்துக்கொள்வார்களாம். ஆகவே பராமரிப்பாளருக்குச் சம்பளம், அடுத்து வருபவருக்குப் பயிற்சி, பொறுப்பேற்க ஓர் அமைப்பு என்று பேசுவதெல்லாம் வீண் பயமாம். நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். அவர் பெயர் இங்கே வேண்டாம். இதை நம்புகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. மென்பொருள் துறையில் நல்ல சம்பளம் வாங்கும் பலரும் இதையே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை.

அவர் மூன்று சான்றுகளைத் தருகிறார்: கொடைக்கானல் சூரிய ஆய்வகம், தேனீ எழுத்துரு தந்த உமர் தம்பி, நிரல் எழுதப் பயன்படும் விம் என்ற எழுதி. மூன்றும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

கொடைக்கானலில் இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள், சூரியனைப் படமெடுப்பது மட்டும் நிற்கவில்லை. ஆளை நம்பி எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று கேட்கிறார். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, மலைக் குளிரில் எழுந்து, மேகம் விலகக் காத்திருந்து, கண்ணாடித் தட்டைப் பொருத்தி, நேரத்தைக் குறித்து வைத்தவர்களின் உழைப்பை எடுத்து, ஆளே தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக வைக்கிறார். அந்த ஆய்வகத்தின் வரலாற்றை அவர் ஒரு பக்கமாவது படித்திருந்தால் இதை எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

அந்த வரலாறு சென்னையில் தொடங்குகிறது. நார்மன் போக்சன் 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு அரசு வானியலாளராக வந்தார். 1891இல் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார். 1862 முதல் 1887 வரை நடுக்கோட்டு வட்டக் கருவியால் அளந்த விண்மீன் நிலைகளில் பெரும்பகுதி அச்சேறாமல் கிடந்தது. இன்றைய மென்பொருள் பேச்சில் சொன்னால், இருபத்தைந்து ஆண்டு வேலையில் பெரும்பகுதி ரிலீஸ் ஆகாமலே பராமரிப்பாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் குவியலை அச்சுக்குக் கொண்டுவந்தவர் யார்? ஆர்வத்தில் வழியோடு போன யாரோ ஒருவர் வந்து எடுத்துக்கொள்ளவில்லை. போக்சன் இறந்ததும் அரசு அந்தப் பதவியில் இன்னொருவரை அமர்த்தியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் வந்தார். முன்னவர் விட்டுப்போன பாக்கியை முடிப்பதும் அவர் வேலையில் ஒரு பகுதி ஆயிற்று. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

1876இல் தொடங்கிய தாதுவருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் அரசுக்கு வந்தது. அதற்கான சூரிய ஆய்வகத்துக்குப் பழனி மலையில், கொடைக்கானலில், இடம் தேர்ந்தவர் அதே மிச்சி ஸ்மித். 1895இல் அடிக்கல், 1899இல் சென்னையிலிருந்து இடமாற்றம், 1901இல் முறையான நோக்கு. இன்று வத்தலக்குண்டு வழியாகப் பேருந்து ஏறும் சாலை அன்று இல்லை. கருவிகள் மலைப்பாதையில் ஏற வேண்டியிருந்தது. 1850இல் பாரிஸில் செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று புதுப்பிக்கப்பட்டு அங்கே சூரியனைப் படமெடுக்கும் வேலைக்கு வந்தது. வெண்ணொளிப் படவரிசை 1904இல் தொடங்கியது.

இனி அந்த வந்தவர் போனவர் கணக்குக்கு வருவோம். 1911 வரை மிச்சி ஸ்மித். 1923 வரை எவர்ஷெட். 1937 வரை ராய்ட்ஸ். பிறகு நாராயண், தாஸ், 1960இல் வைணு பாப்பு. ஒருவர் விலகியதும் அந்த நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைக்க ஓர் அரசுத் துறை இருந்தது. தட்டு வாங்கப் பணம், உதவியாளருக்குச் சம்பளம், மலைமேல் குடியிருப்பு எல்லாம் ஏட்டில் எழுதப்பட்டு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டன. எவர்ஷெட் 1907இல் துணை இயக்குநராக வந்து, நான்கு ஆண்டுகள் மிச்சி ஸ்மித்தோடு இருந்து கற்றுக்கொண்ட பிறகே பொறுப்பேற்றார். இயக்குநர்களுக்குக் கீழே இன்னும் நீண்ட தொடர்ச்சி ஒன்று உண்டு. தாத்தா, தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறையாகச் சூரியனைப் படமெடுத்த குடும்பம் அங்கே இருந்திருக்கிறது. கட்டுரையாளர் கண்ணுக்கு இவர்களில் ஒருவர்கூடப் படவில்லை. படங்கள் மட்டும் பட்டிருக்கின்றன.

சூரியனைவிடத் திறந்த மூலம் உலகில் ஏது? அதைப் படமெடுக்க உரிமம் வேண்டாம், கட்டணம் வேண்டாம். பழனியிலும் பெரியகுளத்திலும் அதே சூரியன்தான். எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதே தொடர்ச்சிக்குப் போதும் என்றால் நூறாண்டுப் படவரிசை ஊருக்கு ஒன்று இருந்திருக்க வேண்டும். உலகத்தில் விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகம் 1915இல் கால்சியம் ஒளியில் தொடங்கிய படவரிசை 1985இல் நின்றது. சூரியன் அதற்குப் பிறகும் அந்த மலைமேல் தினமும் உதித்துக்கொண்டுதான் இருக்கிறது. எடுக்க ஆளும் பணமும் இல்லை, வரிசை அறுந்தது. கொடைக்கானலில் கால்சியம் படங்கள் 2007 வரை ஓடின. இரண்டு மலைக்கும் வானம் ஒன்றுதான். ஓரிடத்தில் பதவி தொடர்ந்தது, மற்றோரிடத்தில் தொடரவில்லை.

எவர்ஷெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கட்டுரையாளரின் இன்னொரு வாதத்துக்கு அவரே பதில். பணம் வந்தால் தொண்டுணர்வு கெட்டுவிடும், ஆர்வலர் கூலிக்காரர் ஆகிவிடுவார் என்கிறார் நம் நண்பர். ஜான் எவர்ஷெட் இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் வேதியியலாளராகப் பிழைப்பு நடத்தியவர். சூரியனைப் பார்ப்பது ஓய்வு நேர ஆசை. அசலான ஆர்வலர். கொடைக்கானல் வேலை கிடைத்ததும் அவருடைய முழுப் பகலும் சூரியனுக்கு ஆயிற்று. வந்த இரண்டே ஆண்டில், 1909 ஜனவரியில், சூரியக் கரும்புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலையில் கண்டார். இன்று உலகப் பாடநூல்கள் எல்லாவற்றிலும் எவர்ஷெட் விளைவு என்று இருப்பது இதுதான். சம்பளம் அவர் ஆர்வத்தைக் கெடுத்ததா? அந்த ஆர்வத்துக்கு வேண்டிய நேரத்தை வாங்கிக் கொடுத்தது. மாதச் சம்பளம் தவறாமல் வங்கியில் விழும் ஒருவர், இரவு பதினொரு மணிக்குமேல் உட்கார்ந்து பிறர் புகார்களுக்குப் பதில் எழுதும் ஒருவரைப் பார்த்து, காசு கேட்டால் உன் மனம் கெட்டுவிடும் என்று உபதேசிப்பது கொடுமை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து உமர் தம்பி. அதிராம்பட்டினத்துக்காரர். யூனிகோடில் தமிழ் படிக்கவும் எழுதவும் முடியாமல் பலரும் திண்டாடிய காலத்தில் தேனீ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். எழுதுவதற்கும் குறியாக்கம் மாற்றுவதற்கும் கருவிகள் செய்தார். 2006 ஜூலையில் இறந்தார். உமர் தம்பி போன பிறகு தமிழ் இணையம் நின்றுவிட்டதா என்று கேட்கிறார் கட்டுரையாளர். ஒருவர் இறந்த பின்னும் ஊர் உயிரோடு இருப்பது, அவர் இருந்ததும் இல்லாததும் ஒன்று என்பதற்கு ஆதாரம் ஆகாது.

தமிழ் இணையம் நிற்கவில்லை, சரி. எழுத்துருவுக்கு என்ன ஆயிற்று என்றல்லவா கேட்க வேண்டும்? அவர் செய்ததில் முக்கியமானது, படிப்பவர் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கத்தோடு கூடவே இறங்கிவரும் இயங்கு எழுத்துரு. அந்தக் காலத்தில் அந்த வசதி பெரும்பாலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பியிருந்தது. அந்த உலாவியை 2022இல் மைக்ரோசாஃப்ட்டே விலக்கிவிட்டது. யூனிகோடும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2008இல் வந்த 5.1 பதிப்பில் தமிழ் ஓம் குறி சேர்ந்தது. 2019இல் வந்த 12.0 பதிப்பில் பழைய பின்னங்கள், அளவைகள் என்று 51 குறிகள் தமிழுக்குச் சேர்ந்தன. 2006இல் கண்மூடிய ஒருவர் இவற்றைத் தம் எழுத்துருவில் வரைந்திருக்க முடியாது. கோப்பு அழியவில்லை என்பது உண்மை. அதைச் சுற்றியிருக்கும் உலகம் மாறிக்கொண்டே போகிறது. அந்த மாற்றத்துக்கு ஈடு கொடுத்து ஓடுவதுதான் பராமரிப்பு. அதைச் செய்ய அவருக்குப் பின்னால் நாம் யாரை அமர்த்தினோம்? 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் இணைய அரங்குக்கு அவர் பெயரை வைத்தோம். மரியாதை செய்தது சரிதான். ஒரு வேலையிடம் உருவாக்கியிருந்தால் இன்னும் பெரிய மரியாதை செய்திருப்போம்.

மூன்றாவது சான்று விம். அந்த எழுதியை உருவாக்கிய பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் இறந்தார். விம் தொடர்கிறது. தொடரக் காரணம் என்ன? பல ஆண்டுகளாக உள்ளே இருந்து நிரலின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த கிறிஸ்டியன் பிராபண்ட் போன்றவர்கள் இருந்தார்கள், உடனே பொறுப்பெடுத்தார்கள். உலகமே பயன்படுத்தும் ஒரு கருவிக்கு வாய்த்த நல்ல விதி அது. நாலே நாலு பேர் எழுதும் தமிழ்ச் சொல்திருத்திக்கும் அதே விதி தானாக வாய்க்கும் என்று எந்தக் கணக்கில் எதிர்பார்ப்பது?

‘யாராவது எடுத்துக்கொள்வார்கள்’ என்ற வாக்கியம்தான் கட்டுரையிலேயே ஆபத்தானது. அந்த யாராவது யார் என்று உலகம் 2024இல் பார்த்துவிட்டது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். லினக்ஸ் ஓடும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது. லாஸ்ஸே காலின் என்ற ஃபின்லாந்துக்காரர் ஆண்டுக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொண்டார். தனக்கு நீண்டநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத வேலை என்று 2022இல் அவரே வெளிப்படையாக எழுதினார். அதே நேரத்தில், முகம் தெரியாத கணக்குகள் சில, ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று அவரை நெருக்கின. உதவிக்கு வந்த ஜியா டான் என்ற பெயர்க்காரர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, வெளியிடும் அதிகாரத்தையும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்றைச் செருகினார். மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தன் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கண்டு தோண்டியிருக்காவிட்டால் அந்தப் பின்கதவு உலகச் சர்வர்கள் எங்கும் பரவியிருக்கும். 2024 மார்ச் 29இல் அவர் உண்மையை வெளியிட்டார்.

இங்கே நிரல் திறந்துதான் இருந்தது. எல்லோரும் படிக்கலாம் என்றுதான் இருந்தது. படித்தவர் இல்லை. களைத்துப்போன ஒரே ஆளின் தோளில் அவ்வளவும் தொங்கியது. அந்தக் களைப்பை நாம் யாரும் கவனிக்கவில்லை, திருடன் கவனித்தான். ஆள் போனால் இன்னொருவர் வருவார் என்று நிம்மதியாகத் தூங்கச் சொல்லும் கட்டுரையாளர், வருபவர் யார் என்று கேட்கும் பழக்கத்தையே விட்டுவிடச் சொல்கிறார்.

நல்லவர்களே எடுத்துக்கொண்டாலும் கதை எளிதாக முடிவதில்லை. வானியலாளர்களின் ஐராஃப் அதற்குச் சான்று. அமெரிக்காவின் தேசிய ஒளியியல் வானாய்வகம் 1980களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய படப் பகுப்பாய்வு மென்பொருள் அது. உலகம் முழுக்க ஒரு தலைமுறை வானியலாளர்களுக்கு, இந்தியர்களையும் சேர்த்துத்தான், அதுவே அன்றாடக் கருவி. 2013இல் அந்த நிறுவனம் மேம்பாட்டை நிறுத்தியது. அதற்கென்றே உருவாக்கிய தனி மொழியில் லட்சக்கணக்கான வரிகள் எழுதப்பட்டிருந்தன. அந்த மொழி தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். 32 பிட் காலத்தில் பிறந்த நிரல் அது. ஆப்பிள் 2019இல் 32 பிட் மென்பொருளைக் கைவிட்டபோது பலருடைய கணினியில் ஓடாமல் போயிற்று. ஜெர்மனியில் ஓலே ஸ்ட்ரைக்கர் முன்னின்று எடுத்துக்கொண்டார், கூடச் சிலர் சேர்ந்தார்கள். எடுத்த பிறகுதான் தெரிகிறது, ஒரு புத்தகத்திலிருந்து வந்த நிரல் துண்டுகள் கட்டற்ற உரிமத்துக்கு ஒவ்வாதவை என்று. அவற்றைத் தேடிப் பிடுங்கி, மாற்று எழுதிச் சேர்த்தார்கள். புதிதாக ஒரு வசதிகூடச் சேர்க்காமல், இருப்பது ஓட வேண்டும் என்பதற்கே இவ்வளவு பாடு. கைவிட்ட வீட்டுக்குக் குடிவருபவர் முதலில் செய்வது கழிவுநீர்க் குழாயைத் தோண்டுவதுதான். கட்டுரையாளர் கதவு திறந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஐராஃபுக்குப் பதிலாக இளையவர்கள் எழுதியது அஸ்ட்ரோபை. 2011இல் தொடங்கியது. ஐந்தே ஆண்டில், 2016இல், அஸ்ட்ரோபையின் சிக்கல் என்ற தலைப்பில் வானியலாளர்கள் சிலர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். உலகமே நம்பியிருக்கும் இந்தக் கருவியை எழுதுபவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் தற்காலிக ஆய்வாளர்களும்; இந்த வேலைக்கென்று அவர்களுக்கு ஊதியம் இல்லை; இதில் நேரம் செலவிட்டால் நிரந்தர வேலை கிடைப்பதும் கடினமாகிறது என்பது அதன் முறையீடு. அதற்குப் பிறகுதான் அறக்கட்டளை நிதி வந்தது. இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லும் அப்படித்தான். 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்ட பிறகுதான், உலக வங்கிகள் நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் அளவுக்கே நன்கொடை வந்துகொண்டிருந்தது ஊருக்குத் தெரிந்தது. ஜெர்மனி இப்போது அரசுப் பணத்தில் இத்தகைய அடிப்படை மென்பொருளின் பராமரிப்புக்கு நிதி தருகிறது. பெங்களூரின் பங்கு வணிக நிறுவனமான ஜீரோதா 2024இல் கட்டற்ற மென்பொருளுக்கென்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் நிதி ஒன்றை அறிவித்தது. பணம் தொண்டைக் கெடுக்கும் என்று இவர்களுக்கெல்லாம் தோன்றவில்லை.

தமிழுக்கு வந்தால் நிலைமை இன்னும் மெலிவு. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படமெடுத்து எழுத்தாக மாற்ற உதவும் கட்டற்ற கருவி டெசராக்ட். 2018 வரை கூகுள் அதை வளர்த்தது. தமிழுக்கான பயிற்சிக் கோப்பும் அந்தக் காலத்தில் செய்ததுதான். கூகுள் விலகியபின் சில தன்னார்வலர்கள் தாங்குகிறார்கள். தமிழில் அது செய்யும் பிழைகளைத் திருத்துவதை வேலையாகக் கொண்ட ஓர் ஆளுக்கு நம் பல்கலைக்கழகங்களில் ஒன்று மாதச் சம்பளம் கொடுக்க முடியாதா? மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில் அப்படி ஒருவரைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கட்டுரையாளர் பெருமையோடு சுட்டிய அந்தக் கொடைக்கானல் படங்களுக்கே வருகிறேன். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மின்னுருவாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. மின்னுருவாக்கியபோது பழைய தட்டுகளில் எழுதிய நேரமும் திசைக்குறியும் எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தது. குறிப்பு சரியாக உள்ள தட்டு பேசுகிறது. குறிப்பு பிழைபட்ட தட்டில் வடக்கு எது தெற்கு எது என்று ஆய்வாளர்கள் போராட வேண்டியிருந்தது. எழுதிவைத்த ஆளின் கவனம் நூறு ஆண்டு கழித்துக் கணக்கில் வருகிறது.

கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் பிடித்தால் யாரும் பார்க்கலாம். மின்னுருவாக்கிய படம் இருக்கும் ஃபிட்ஸ் கோப்பை அப்படிப் பார்க்க முடியாது. அதைத் திறக்க மென்பொருள் வேண்டும். ஆய்வு மாணவர்கள் அதற்கு எடுப்பது பெரும்பாலும் அஸ்ட்ரோபையை. எவர்ஷெட் காலத்துச் சூரியன் இன்று அந்தப் பராமரிப்பாளர்களின் கையில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போனால் அந்த இடத்துக்கு வருபவர் யார் என்பதைக் கட்டுரையாளர் எழுதட்டும். ‘யாராவது’ என்று எழுதக் கூடாது. ஆளின் பெயர், அவருக்குச் சம்பளம் தருபவர், முன்னவரோடு அவர் சேர்ந்து வேலை பார்க்கப்போகும் காலம், மூன்றையும் எழுதட்டும்.